கையிலிருந்து தொடங்கும் கேத்திரகணிதம்: மலையகச் சிறார்களுக்கு வடிவங்களைக் கற்பிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தரம் 1 வகுப்பறைகள் பலவற்றின் சுவரில் ஒரு பிறிஸ்டல் போட் தொங்கும். சிவப்பு வட்டம், நீலச் சதுரம், பச்சைச் செவ்வகம், மஞ்சள் முக்கோணி. அந்த முக்கோணியின் மூன்று பக்கங்களும் எப்போதும் சமமாக இருக்கும். அடிப்பக்கம் தரையில் படிந்திருக்கும். பிள்ளைகள் நான்கு பெயர்களையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். அதே முக்கோணியைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்து “இது என்ன?” என்று கேளுங்கள். பலர் தயங்குவார்கள். சதுரத்தைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் “பட்டம்” என்பார்கள். அவர்கள் மனத்தில் பதிந்திருப்பது அந்தப் படம்தான், வடிவம் இன்னும் போய்ச் சேரவில்லை.

இதில் பிள்ளைகளின் குறை ஏதும் இல்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த பியர் வான் ஹீல, டினா வான் ஹீல-கெல்டோஃப் என்ற ஆசிரியத் தம்பதியர் 1957இல் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வுகளில் இதைத் தெளிவாக விளக்கினார்கள். முதல் நிலையில் பிள்ளை ஒரு வடிவத்தை அதன் முழுத் தோற்றத்தைக் கொண்டே அறிகிறது: “கதவைப் போல இருக்கிறது, அதனால் செவ்வகம்.” அடுத்த நிலையில்தான் பக்கம், மூலை என்று பண்புகளைக் கவனிக்கத் தொடங்குகிறது. வயது கூடுவதால் மட்டும் பிள்ளை அடுத்த நிலைக்கு ஏறிவிடாது, கிடைக்கும் அனுபவமே அதை ஏற்றிவிடுகிறது என்றும் அவர்கள் சொன்னார்கள். தொடக்க வகுப்பு ஆசிரியர் ஒவ்வொருவரும் மனத்தில் வைக்கவேண்டியது இதுவே என்பேன்.

எனவே இந்த வழிகாட்டியின் ஒழுங்கு வழக்கத்துக்கு நேர்மாறானது. முதலில் கையில் பிடிக்கும் பொருள். பிறகு அந்தப் பொருள் விட்டுச்செல்லும் தடம். அதற்குப் பிறகு பெயர். சுவர்ப்படம் எல்லாவற்றுக்கும் கடைசி. முன்பள்ளியின் மூத்த பிள்ளைகளுக்கும் தரம் 1, 2 பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். நாளுக்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் ஏறத்தாழ ஒரு தவணையின் பாதிக்குள் முடிக்கலாம். அவசரப்பட வேண்டாம். ஒரு படியில் வகுப்பு மகிழ்ச்சியாகத் தங்கிவிட்டால் இன்னும் இரண்டு நாள் அங்கேயே இருக்கட்டும்.

படி 1: பொருள்களைச் சேர்த்தல்

கடையில் வாங்கும் பிளாஸ்டிக் வடிவத் தொகுதி தேவையில்லை. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளையின் வீட்டிலேயே எல்லாம் இருக்கிறது: நெருப்புப் பெட்டி, சவுக்காரப் பெட்டி, பற்பசைப் பெட்டி, பால்மாப் பெட்டி, வெற்று மீன்டின், போத்தல் மூடி, நூற்கட்டை, சிரட்டை, பழைய டென்னிஸ் பந்து. கூம்புக்கு எங்கே போவது என்று கவலைப்பட வேண்டாம். பஸ் நிலையத்திலும் ரயிலிலும் கடலை விற்பவர் சுற்றித்தரும் காகிதச் சுருளே கூம்புதான். கரட்டும் கிட்டத்தட்ட ஒரு கூம்பு. நுவரெலியாப் பக்கத்தில் கரட்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் பஞ்சமா என்ன? எல்லாப் பக்கமும் சதுரமான சதுரமுகி கிடைப்பதுதான் சற்றுக் கடினம். தாயக்கட்டை இருந்தால் சரி, இல்லையேல் தடித்த அட்டையில் நீங்களே சில செய்துகொள்ளுங்கள்.

பெற்றோரிடம் கேட்கும்போது “வீசப்போகும் பொருளை மட்டும் கொடுத்தனுப்புங்கள்” என்று தெளிவாகச் சொல்லுங்கள். நாட்சம்பளத்தில் வாழும் வீடுகளில் பாடசாலை கேட்டது என்பதற்காகப் புதிதாக வாங்கிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சுமையை நாம் ஏற்றக்கூடாது. டின்களின் வாய் விளிம்பை நீங்களே தட்டி மழுக்கி, மேலே துணி நாடா ஒட்டிய பிறகே பிள்ளைகளிடம் கொடுங்கள். வாயில் போடக்கூடிய சிறு மணிகளை முன்பள்ளி வயதினருக்குத் தரவேண்டாம்.

ஐந்தாறு பிள்ளைகளுக்கு ஒரு பெட்டி போதும். ஒவ்வொரு பெட்டியிலும் உருளை, கூம்பு, கோளம், கனவுரு (நெருப்புப் பெட்டி போன்றது), சதுரமுகி ஆகிய ஐந்து வகையும் இருக்கட்டும். இந்தப் பெயர்களை இப்போது சொல்லவேண்டாம். பிள்ளைகள் “டின்”, “பந்து”, “சுருள்” என்றே அழைக்கட்டும்.

படி 2: உருளுமா, வழுக்குமா, அடுக்கலாமா?

மலையகப் பிள்ளைக்குச் சரிவைப் பற்றிப் பாடம் நடத்தத் தேவையில்லை. கைதவறிய பந்து எத்தனை படிக்கட்டுகளைத் தாண்டி எந்த வடிகானில் போய் விழும் என்று அதற்குத் தெரியும். அந்த அறிவிலிருந்தே தொடங்குங்கள்.

ஒரு பலகையை இரண்டு புத்தகங்களின் மேல் சாய்த்து வையுங்கள். ஒரு பொருளைக் கையில் எடுத்து, விடுவதற்கு முன் கேளுங்கள்: “இது உருளுமா, வழுக்குமா, அப்படியே நிற்குமா?” எல்லோரும் ஊகித்துச் சொன்ன பிறகே கையை விடுங்கள். இந்த ஊகம்தான் செயற்பாட்டின் உயிர். ஊகிக்காமல் பார்க்கும் பிள்ளை வெறும் வேடிக்கை பார்க்கிறது. ஊகித்த பிள்ளையோ தான் சொன்னது சரியா என்று பொருளையே கூர்ந்து பார்க்கிறது.

பந்து எப்படி வைத்தாலும் உருளும். பெட்டி எப்படி வைத்தாலும் உருளாது. சரிவு கூடினால் வழுக்கும். மீன்டின்னில்தான் வாதம் சூடுபிடிக்கும். படுக்கவைத்தால் உருளும், நிமிர்த்தினால் நிற்கும். “இதை எந்தக் கூட்டத்தில் வைப்பது?” என்று வகுப்பையே தீர்மானிக்க விடுங்கள். 1837இல் ஜேர்மனியின் பாட் பிளாங்கன்பர்க் நகரில் சிறுவர் பள்ளி தொடங்கிய ஃப்ரோபெல், பிள்ளைகளுக்கென்று அமைத்த இரண்டாம் விளையாட்டுத் தொகுதியில் கோளம், சதுரமுகி, இவற்றுக்கு நடுவே உருளை என்று மூன்றை வைத்தார். உருளை இரண்டின் இயல்பையும் கொண்டது என்பதே காரணம். உங்கள் மீன்டின்னும் அதே வேலையைச் செய்கிறது.

கூம்பை இறுதியில் விடுங்கள். அது நேராக இறங்காமல் வளைந்து ஓடும். சமதரையில் உருட்டினால் நுனியைச் சுற்றி வட்டமிடும். பிள்ளைகள் அதைத் திரும்பத் திரும்ப உருட்டுவார்கள். தடுக்காதீர்கள்.

அடுத்து அடுக்கும் போட்டி. எந்தக் குழுவின் கோபுரம் உயரமானது? பந்தை எங்கே வைக்கலாம், கூம்பை எங்கே வைக்கலாம் என்று பிள்ளைகள் தாமே கண்டுபிடிப்பார்கள். தட்டையான முகம் இருந்தால்தான் மேலே ஒன்றை வைக்க முடியும் என்பது கையில் உறைத்த பிறகு “முகம்” என்ற சொல்லை அறிமுகம் செய்யுங்கள்.

படி 3: கம்பளித் தொப்பிக்குள் கை

கண்ணை விலக்கிவிட்டுக் கையை மட்டும் வேலை செய்யவைக்கும் விளையாட்டு இது. துணிப்பை தேடவேண்டாம். குளிர் மாதங்களில் பிள்ளைகள் அணிந்துவரும் கம்பளித் தொப்பியே போதும். (ஒரே தொப்பியைத் தலைமாற்றி அணியவிடாதீர்கள். பேன் விடயத்தில் தாய்மார் மன்னிக்கமாட்டார்கள்.)

தொப்பிக்குள் சிறு பொருள் ஒன்றை வையுங்கள். ஒரு பிள்ளை உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்து, பெயரைச் சொல்லாமல் விவரிக்கவேண்டும். மற்றவர்கள் கேள்வி கேட்கலாம்: “குத்துகிறதா?” “தட்டையான இடம் எத்தனை?” “விரல் தடைப்படாமல் சுற்றிவருகிறதா?” பதில்களிலிருந்து பொருளைக் கண்டுபிடிக்க வேண்டும். வாய் திறக்கவே தயங்கும் பிள்ளைகூட இந்த விளையாட்டில் பேசிவிடும். அதன் கையில் இருப்பது வேறு எவருக்கும் தெரியாத செய்தி அல்லவா?

இங்கே மூன்று சொற்கள் இயல்பாகத் தேவைப்படும்: முகம், விளிம்பு, உச்சி. இரண்டு முகங்கள் சந்திக்கும் கோடு விளிம்பு. விளிம்புகள் கூடும் கூர்மை உச்சி. நெருப்புப் பெட்டியை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து முகங்களை எண்ணச் சொல்லுங்கள். ஆறு என்று வரும்வரை சண்டை நடக்கும். எண்ணிய முகத்தில் வெண்கட்டியால் புள்ளி வைக்கலாம் என்ற யோசனையைப் பிள்ளைகளே சொல்லும்வரை காத்திருங்கள். பார்வைக் குறைபாடுள்ள பிள்ளை வகுப்பில் இருந்தால் அதை முதலில் அழையுங்கள். பெரும்பாலும் அதன் விரல்களே வகுப்பில் மிகக் கூர்மையானவை.

ஐந்து திண்மங்களின் பெயர்களையும் இப்போது சொல்லலாம். பெயர் வந்து சேரும்போது அதைத் தாங்க அனுபவம் தயாராக இருக்கும்.

படி 4: தடமும் நிழலும்

வட்டம், சதுரம் போன்ற தட்டையான தளவடிவம் எதையும் தனியே கையில் எடுக்க முடியாது. காகித வட்டத்துக்கும் சிறு தடிப்பு உண்டு. வட்டம் என்பது டின்னின் முகத்தில் இருப்பது, அது மண்ணில் விட்டுச்செல்வது. இந்த ஒரு விடயத்தைப் பிள்ளை உணர்ந்துவிட்டால் பின்னால் தரம் 5 வரை திண்மமும் தளவடிவமும் குழம்பாது. ஆகவே இந்தப் படிக்குத் தாராளமாக நேரம் கொடுங்கள்.

தடத்துக்கு ஈரக் களிமண் சிறந்தது. பாதையோர மண்ணில் கல் பொறுக்கிப் பிசைந்தால் போதும். மண் கிடைக்காவிட்டால் இரண்டு கோப்பை கோதுமை மா, ஒரு கோப்பை உப்பு, ஏறத்தாழ ஒரு கோப்பை தண்ணீர் சேர்த்துப் பிசைந்துகொள்ளலாம். ஆனால் ரொட்டிக்கு மா பற்றாத வீட்டுப் பிள்ளைகள் முன்னிலையில் மாவை விளையாட்டுப் பொருளாக்குவதை நான் விரும்புவதில்லை. முடிந்தவரை மண்ணையே பயன்படுத்துங்கள்.

மண்ணைத் தட்டையாக்கி, பிள்ளைகள் பார்க்காதபோது ஒரு பொருளை அழுத்தி எடுத்துவிடுங்கள். “யாருடைய காலடி இது?” வட்டத் தடம் என்றால் டின்னாக இருக்கலாம், கூம்பின் அடியாக இருக்கலாம், போத்தல் மூடியாகவும் இருக்கலாம். செவ்வகத் தடம் என்றால் எந்தப் பெட்டி? பெட்டியின் எந்த முகம்? நெருப்புப் பெட்டி ஒன்றே மூன்று வெவ்வேறு அளவுச் செவ்வகங்களைப் பதிக்கும். பந்து மட்டும் ஒரு குழியைத்தான் தரும். “பந்துக்கு ஏன் தட்டையான காலடி இல்லை?” என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள்.

அடுத்த நாள் காய்கறி. வெட்டுவது நீங்கள், பார்ப்பதும் அச்சிடுவதும் அவர்கள். கரட்டை நேராக வெட்டினால் வட்டம். நுனியை நோக்கி வெட்ட வெட்ட வட்டம் சிறுத்துக்கொண்டே போகும். சாய்வாக வெட்டினால் நீள்வட்டம். நெடுக்காக இரண்டாகப் பிளந்தால் நீண்ட முக்கோணி போன்ற முகம். ஒரே கரட்டுக்குள் இத்தனையும் இருந்ததா என்று பிள்ளைகள் வியப்பார்கள். உருளைக்கிழங்குத் துண்டைச் சதுரமாகவும் முக்கோணியாகவும் செதுக்கி, பீட்ரூட் சாற்றிலும் மஞ்சள் கரைசலிலும் தோய்த்துக் காகிதத்தில் அச்சிடலாம். அச்சுக்குப் போகாத கரட் துண்டுகளைக் கழுவிச் சாப்பிடக் கொடுங்கள்.

பனிமூட்டம் இறங்கி வகுப்பு இருண்டுபோகும் நாள் நிழலுக்கு ஏற்றது. கைவிளக்கை ஏற்றி, சுவருக்கும் விளக்குக்கும் நடுவே மீன்டின்னைப் பிடியுங்கள். பக்கவாட்டில் பிடித்தால் செவ்வக நிழல். அடிப்பாகத்தை விளக்குக்குக் காட்டினால் வட்ட நிழல். கூம்பு ஒரு நேரம் முக்கோணி, ஒரு நேரம் வட்டம். நிழலை மட்டும் காட்டி “மறைந்திருப்பது எது?” என்று கேட்கலாம்.

மஸ்கெலியாப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சிவனொளிபாதமலை தினம் காணும் மலை. 2243 மீற்றர் உயரமுள்ள அந்த மலையின் நிழல், வானம் தெளிந்த அதிகாலையில் மேற்கே பனியின் மீது முக்கோணியாக விழுவதை உச்சியில் நிற்பவர்கள் பார்ப்பார்கள். யாத்திரைக் காலத்தில் மலையேறிய தாத்தாவோ மாமாவோ வீட்டில் இருப்பார். “நிழல் எந்த வடிவத்தில் இருந்தது என்று கேட்டு வாருங்கள்” என்று சொல்லி அனுப்புங்கள்.

படி 5: முக்கோணியைக் கட்டுதல்

தேயிலை மலையில் கவ்வாத்து (செடிகளைக் கத்தரித்தல்) முடிந்த காலத்தில் மெல்லிய குச்சிகள் கிடைக்கும். நேரானவற்றைப் பெரியவர்கள் பொறுக்கி வந்து 5, 8, 10, 15 சென்ரிமீற்றர் நீளங்களில் வெட்டுங்கள். நீளத்துக்கு ஒரு நிறமாக நுனியில் வர்ணம் பூசிவையுங்கள். தென்னோலை ஈர்க்குக் குச்சியும் நல்லதே. மூலைகளை ஒட்டக் களிமண் உருண்டைகள்.

“ஏதாவது மூன்று குச்சிகளை எடுத்து மூடிய வடிவம் ஒன்று செய்யுங்கள்.” இவ்வளவுதான் அறிவுறுத்தல். 5, 8, 10 எடுத்தவர் முடித்துவிடுவார். 5, 8, 15 எடுத்தவரின் குச்சிகள் முட்டவே முட்டா. “டீச்சர், எனக்குக் குச்சி எட்டவில்லை” என்று குரல் வரும். உடனே மாற்றுக் குச்சி கொடுத்துவிடாதீர்கள். “ஏன் எட்டவில்லை?” என்று பக்கத்துப் பிள்ளையையும் சேர்த்து யோசிக்க விடுங்கள். இரண்டு குட்டைக் குச்சிகள் சேர்ந்தாலும் நீளக் குச்சியை எட்டவில்லை என்று ஒரு பிள்ளை தன் சொற்களில் சொன்னால், மேல்வகுப்புக் கணிதத்தில் வரவிருக்கும் ஒரு தேற்றத்தை அது இப்போதே தொட்டுவிட்டது. அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

செய்து முடித்த முக்கோணிகளை நடுவில் பரப்புங்கள். ஒல்லியானது, தடித்தது, சாய்ந்தது எல்லாம் இருக்கும். எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பது என்ன? மூன்று நேரான பக்கங்கள், மூன்று மூலைகள், இடைவெளி இல்லாத அடைப்பு. இதை வகுப்பே சொல்லட்டும்.

இப்போது இந்த வழிகாட்டியிலேயே நான் மிகப் பெரிதாக மதிக்கும் செயற்பாடு. முக்கோணி போலத் தோன்றியும் முக்கோணி அல்லாதவற்றை அட்டைகளில் வரைந்துகொள்ளுங்கள்: ஒரு பக்கம் வளைந்தது, ஒரு மூலை திறந்தது, மூலைகள் உருண்டது, நுனி வெட்டப்பட்டு நான்கு பக்கமானது. அவற்றோடு உண்மையான முக்கோணிகளையும் கலக்குங்கள்: தலைகீழானது, ஊசிபோல் நீண்டது, மிகச் சிறியது. ஒவ்வோர் அட்டையாகக் காட்டி “இது முக்கோணியா? எப்படித் தெரியும்?” என்று கேளுங்கள். “முக்கோணி மாதிரி இருக்கிறது” என்ற பதிலை ஏற்கவேண்டாம். பக்கத்தை விரலால் தடவிக் காட்டட்டும், மூலையை எண்ணிக் காட்டட்டும்.

பேக்கரியில் விற்கும் மீன் பணிஸைக் கொண்டுவந்து காட்டினால் விவாதம் இன்னும் சுவையாகும். முக்கோணியாகத்தான் மடித்திருக்கிறார்கள், ஆனால் மூலை கூர்மையாக இல்லை, பக்கமும் உப்பியிருக்கிறது. “முக்கோணி போன்றது, ஆனால் முக்கோணி அன்று” என்று ஏழு வயதுப் பிள்ளை காரணத்தோடு சொல்லுமானால், வான் ஹீல சொன்ன இரண்டாம் நிலையின் வாசலில் அது நிற்கிறது.

கடைசியாக ஓர் ஆய்வு. மூன்று குச்சிகளை முனைகளில் றப்பர் பட்டியால் கட்டுங்கள். நான்கு சம குச்சிகளையும் அவ்வாறே கட்டுங்கள். இரண்டையும் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். நான்கு பக்கமுள்ளது சரிந்து சாய்சதுரமாகும், முக்கோணி அசையாது. அப்படியே தலையை உயர்த்தி வகுப்பறைக் கூரையின் மரச்சட்டங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். கச்சான் காற்றில் கூரை நிற்பதற்கு அங்கே இருக்கும் முக்கோணிகளும் காரணம்.

படி 6: மூலைக் காகிதமும் சதுரச் சண்டையும்

எந்தக் காகிதமானாலும் சரி, கிழிந்த ஓரத்தோடு இருந்தாலும் சரி. ஒரு முறை மடியுங்கள், நேர்கோடு கிடைக்கும். அந்த மடிப்பு தன்மேலேயே பொருந்தி வரும்படி இன்னொரு முறை மடியுங்கள். செங்கோண மூலை கிடைக்கும். இதுவே பிள்ளையின் அளவுகருவி. புத்தகம், மேசை, யன்னல், கரும்பலகை என்று எல்லா மூலைகளிலும் வைத்துப் பார்த்துவர அனுப்புங்கள். சில மூலைகளில் சரியாகப் பொருந்தும், சிலவற்றில் இடைவெளி தெரியும்.

செவ்வகம் என்றால் நான்கு பக்கங்கள், நான்கு மூலையிலும் இந்தக் காகிதம் பொருந்தும். இவ்வளவு போதும். “இரண்டு பக்கம் நீளம், இரண்டு பக்கம் குட்டை” என்று வரையறை கொடுக்காதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். அப்படிப் பதிந்துவிட்டால், சதுரமும் செவ்வகத்தில் ஒரு வகையே என்பதைப் பின்னாளில் ஏற்க முடியாமல் பிள்ளை திணறும். நான்கு பக்கமும் சமமாக அமைந்த செவ்வகமே சதுரம் என்று சொன்னால் எதையும் பிறகு அழிக்க வேண்டிவராது. எல்லாப் பிள்ளைகளுக்கும் இது உடனே புரியும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம்.

சதுரமா என்று சோதிக்க இரண்டு வழிகள். காகித வடிவமானால் எதிர்மூலைகள் பொருந்த மடித்து, ஓரங்களும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகின்றனவா என்று பார்க்கலாம். பெரிய வடிவமானால் அளக்கவேண்டும். இதற்கு ஒரு நல்ல களம்: தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயன் அறையை 10 அடிக்கு 12 அடி என்று சொல்வார்கள் அல்லவா, அந்தக் கணக்கில் தரையில் பிள்ளையின் பாதத்தால் 10க்கு 12 என்று அளந்து வெண்கட்டியால் கோடு போடுங்கள். பார்த்தவுடன் “சதுரம்” என்பார்கள். குதிகால் தொட நடந்து அளந்தால் இரண்டு பாதம் வேறுபடும். கண் ஏமாந்ததைக் கால் கண்டுபிடித்துவிட்டது. யாருடைய வீடு பெரியது, யாருடையது சிறியது என்ற பேச்சு எழ இடம் கொடாதீர்கள். பாதத்தால் அளக்கும் திறமைக்கு மட்டும் பாராட்டு.

படி 7: வட்டம்

மைதானம் காய்ந்திருந்தால் வெளியே போங்கள். நடுவில் ஒரு முளை, அதில் கயிறு, மறுமுனையில் கூர்க்குச்சி. கயிற்றை இறுக்கிப் பிடித்தபடி ஒரு பிள்ளை சுற்றிவரட்டும். கயிறு தளர்ந்தால் கோடு உள்ளே வளையும். அது நடக்கட்டும், காரணத்தைப் பிள்ளைகள் பேசட்டும். பிறகு எல்லோரும் கோட்டின்மேல் நின்று, நடுவில் வைத்த பந்தை எடுக்க ஒரே நேரத்தில் ஓடவேண்டும். “யாருக்காவது தூரம் கூடவா?” இல்லை. இதே ஓட்டத்தைச் சதுரக் கோட்டில் நின்று ஓடச் சொல்லுங்கள். மூலையில் நின்றவர் “அநியாயம்” என்று கத்துவார். அந்த ஒரு சொல்லில் வட்டத்தின் பண்பு முழுவதும் அடங்கியிருக்கிறது.

மழை நாளில் அட்டைத்துண்டு ஒன்றில் இரண்டு துளைகள், இரண்டு பென்சில்கள். ஒன்று அசையாமல் நிற்க, மற்றது சுற்றும்.

படி 8: வடிவ நடை

அதிபரின் அனுமதியுடனும் இன்னொரு பெரியவரின் துணையுடனும் பாடசாலையைச் சுற்றி நடந்துவாருங்கள். தேயிலைச் செடிகளுக்குள் இறங்கவேண்டாம். குளவிக்கூடு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மழைக்காலத்தில் அட்டைப்பூச்சியும் உண்டு. பாதையிலிருந்தே பார்க்கப் போதிய அளவு இருக்கிறது.

“வட்டம் தேடுங்கள்” என்று பொதுவாகச் சொன்னால் கண்டதையெல்லாம் சுட்டுவார்கள். குழுவுக்கு ஒரு வேலையாகக் கொடுங்கள். ஒரு குழு செங்கோண மூலைகளைத் தேடட்டும், மூலைக் காகிதத்துடன். ஒரு குழு உருளைகளைத் தேடட்டும். இன்னொரு குழு, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வடிவங்கள் சேர்ந்தவற்றைத் தேடட்டும். தொழிற்சாலைச் சுவரில் வரிசையாக நிற்கும் யன்னல்கள், லயத்தின் முகட்டு முக்கோணி, மாரியம்மன் கோயில் கோபுரம் மேலே போகப்போகக் குறுகும் விதம், தப்பு மேளத்தின் வட்டம், உடுக்கின் இரட்டைக் கூம்பு, காவடியின் வளைவு. கொழுந்தெடுக்கும் அம்மா, மட்டம் சரியா என்று செடிமேல் மட்டக்கம்பு வைத்துப் பார்ப்பதைப் பிள்ளைகள் அறிவார்கள். நேர்கோடும் தளமும் எதற்கு என்று கேட்டால் அந்தக் கம்பையே நினைவுபடுத்துங்கள்.

பண்டாரவளை, எல்ல பக்கத்துப் பாடசாலைகளுக்கு இன்னுமொரு செல்வம் இருக்கிறது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் 1921இல் கட்டிமுடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தின் படத்தைக் காட்டி, ஒரு வளைவின் திறந்த வெளியை மட்டும் வெட்டச் சொல்லுங்கள். கீழே நீண்ட செவ்வகம், மேலே அரைவட்டம். தெமோதரையில் தண்டவாளம் வளையமாகச் சுற்றிவந்து நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைகிறது. அதை ஒரு நூலால் மேசைமேல் செய்துபார்த்தால், நேர்கோட்டில் ஏற முடியாத மலையில் வளைவு எப்படி உதவுகிறது என்று தெரியும்.

படி 9: சேர்த்தலும் பிரித்தலும்

சீன விளையாட்டான டாங்கிராமின் ஏழு துண்டுகளை ஒரு சதுரக் காகிதத்திலிருந்து நீங்களே வெட்டலாம். மூலைவிட்டத்தில் வெட்டி இரண்டு முக்கோணிகளாக்குங்கள். ஒன்றைச் சரிபாதியாக்கினால் இரண்டு பெரிய முக்கோணிகள். மற்றதன் செங்கோண உச்சியை நீளப்பக்கத்தின் நடுவில் படும்படி மடித்து, அந்த மடிப்பில் வெட்டினால் நடுத்தர முக்கோணி ஒன்று பிரியும். மிஞ்சிய சரிவகத்தைக் குறுக்கே சரிபாதியாக்குங்கள். ஒரு பாதியின் கூர்மூலையை நீளப்பக்கத்தின் மறுமுனைக்குக் கொண்டுவந்து மடித்து வெட்டினால் சதுரமும் சிறு முக்கோணியும். மறுபாதியில் நீளப்பக்கத்துச் செங்கோண மூலையை எதிரேயுள்ள விரிந்த மூலையில் படும்படி மடித்து வெட்டினால் இணைகரமும் இன்னொரு சிறு முக்கோணியும்.

ஏழையும் ஒரே நாளில் கொடுத்தால் குழப்பம். முதலில் இரண்டு சிறு முக்கோணிகள் மட்டும். அவற்றால் சதுரம் செய்யலாம், பெரிய முக்கோணி செய்யலாம், இணைகரமும் செய்யலாம். மூன்றையும் கண்டுபிடித்த பிறகு மற்றத் துண்டுகள் ஒவ்வொன்றாக வரட்டும்.

தைப்பொங்கலை ஒட்டி இந்தப் படி வந்தால் கோலத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தரையில் ஐந்துக்கு ஐந்து புள்ளி வைத்து, நான்கு புள்ளிகளை இணைத்துச் சதுரம் போடச் சொல்லுங்கள். நேரான சதுரங்களை எல்லோரும் போடுவார்கள். “சாய்ந்து நிற்கும் சதுரம் ஒன்று போட முடியுமா?” என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். சுவர்ப்படத்தில் பழகிய கண்ணுக்கு இதைவிட நல்ல மருந்தை நான் அறியேன்.

படி 10: கணிப்பீடு

வடிவத்துக்கு நிறம் தீட்டும் தாளை வைத்துப் பிள்ளை எதைக் கற்றது என்று கணிக்க முடியாது. அது விரலின் பயிற்சியை மட்டுமே காட்டும். பிள்ளைகள் வேலை செய்யும்போது அருகில் நின்று மூன்றைக் கவனியுங்கள். திருப்பிப் பிடித்த வடிவத்தையும் அதே பெயரால் அழைக்கிறதா? காரணம் சொல்லும்போது பக்கம், மூலை என்று பேசுகிறதா, “மாதிரி இருக்கிறது” என்று நின்றுவிடுகிறதா? முக்கோணி அல்லாததை ஏன் அல்ல என்று சொல்ல முடிகிறதா? ஒரு கொப்பியில் பிள்ளையின் சொற்களை அப்படியே எழுதிவையுங்கள்.

இரண்டு தரங்கள் ஒரே அறையில் அமரும் சிறிய தோட்டப் பாடசாலைகளில் பொருள்களைப் பிரிக்க வேண்டாம், கேள்வியை மட்டும் மாற்றுங்கள். தரம் 1 பிள்ளை தடத்தைப் பொருளோடு பொருத்தட்டும். அதே மண்ணில் தரம் 2 பிள்ளை, ஒரு பெட்டி எத்தனை வகைத் தடம் பதிக்கும் என்று தேடட்டும்.

சாய்ந்த சதுரத்தை இன்னமும் “பட்டம்” என்று சொல்லும் பிள்ளைக்குத் திருத்தம் சொல்லவேண்டாம். சதுரக் காகிதத்தை அதன் கையிலேயே கொடுத்து மெல்லத் திருப்பச் சொல்லுங்கள். எந்த இடத்தில் அது சதுரமாக இல்லாமல் போகிறது என்று கேளுங்கள். மூலைக் காகிதத்தால் சோதிக்கட்டும், மீண்டும் திருப்பட்டும். தேவையானால் மறுநாளும் இதையே செய்யுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகு சுவர்ப்படத்துக்கு வாருங்கள். பழையதைக் கழற்றிவிட்டு, பிள்ளைகள் செய்த ஒல்லியான, சாய்ந்த, தலைகீழான முக்கோணிகளையும் கரட் அச்சுகளையும் ஒட்டிப் புதிய படத்தை அவர்களே தயாரிக்கட்டும். பொருள் பெட்டிகளை அலுமாரியில் பூட்டிவைக்காமல் பிள்ளைகளின் கைக்கு எட்டும் தட்டில் வையுங்கள். தவணை முடிவில் நசுங்கிய பெட்டிகளை மட்டும் மாற்றினால் போதும்.